ஜப்பானிய மரச்செதுக்கு நிலக்காட்சிகளில் மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ்: ஒரு குண்டூசியும் நூலும் வைத்துத் தொடங்குவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய அச்சுப்பட ஓவியர் ஹிரோஷிகேயின் 'சாருவாகா தெரு இரவுக்காட்சி'யை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே டோக்கியோ பயணத்தில் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். நேராக ஓடும் தெரு, இருபுறமும் சிறுத்துக்கொண்டே போகும் கட்டடங்கள், முழுநிலா, நடந்து போகிறவர்களின் காலடியில் நிழல். அச்சுப்படங்களில் மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப்போகக் கோடுகள் ஒரே புள்ளியில் குவியும்படி வரையும் முறை, எப்படி வேலை செய்கிறது என்று கற்க இதைவிட நல்ல படம் இல்லை என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தால், அந்த மாதம் அது எந்தச் சுவரிலும் இல்லை. ஊர் திரும்பிய பிறகு, பதிவிறக்கிய படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கோடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. தவறு ஓவியர்மேல் இல்லை, நான் எடுத்த கோப்பின்மேல் இருந்தது என்று தெரிய இன்னும் சில வாரங்கள் ஆயின.

புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வாரங்களும் பணமும் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கலையின் வரலாற்றை இங்கே தொடவில்லை. என்ன வாங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எங்கே ஏமாறுவோம், எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்பது மட்டும்தான்.

1. தேவையான பொருட்கள்

ஒரு குண்டூசி, அரை மீட்டர் கறுப்புத் தையல் நூல், 30 செ.மீ. ஸ்கேல், எச்பி பென்சில், நாலைந்து டிரேசிங் பேப்பர், ஊசி குத்த ஒரு தெர்மாகோல் அட்டை. எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கலர் பிரிண்ட்தான் கொஞ்சம் செலவு. என் பகுதியில் ஏ3 தாள் ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்தேன். ஆறு படம் போதும்.

ஏ3 என்று குறிப்பிடக் காரணம் உண்டு. ஹிரோஷிகே, அவர் காலத்து இன்னொரு பெரிய ஓவியரான ஹொகுசாய் இருவரின் புகழ்பெற்ற நிலக்காட்சிகள் பெரும்பாலும் 'ஓபான்' என்ற தாள் அளவில் வந்தவை. அது ஏறக்குறைய 39 செ.மீ.க்கு 26 செ.மீ. ஏ3 தாளில் அசல் அளவிலேயே அடங்கும். கடைக்காரரிடம் 'தாளுக்குத் தகுந்தாற்போல் பெரிதாக்க வேண்டாம், நான் சொல்கிற அளவிலேயே போடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசல் அளவில் கையில் பிடித்துப் பார்க்கும்போதுதான், இது மடியில் வைத்துப் பார்க்கச் செய்த படம், சுவரோவியம் இல்லை என்பது உறைக்கும்.

2. சரியான கோப்பை இறக்குங்கள்

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். தேடுபொறி காட்டிய முதல் படத்தை எடுத்தேன். அதில் நான்கு ஓரமும் வெட்டப்பட்டிருந்தன. கூடவே, கேமராவைச் சற்றுச் சாய்த்து எடுத்த படம். சாய்ந்த புகைப்படத்தில் செங்குத்துத் தூண்களே ஒன்றையொன்று நெருங்கும். அதில் பெர்ஸ்பெக்டிவ் தேடினால் ஓவியருடையது எது, புகைப்படம் எடுத்தவருடையது எது என்று பிரிக்க முடியாது.

அதனால் அருங்காட்சியகங்களின் சொந்தத் தொகுப்புப் பக்கங்களுக்கே போங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இரண்டும் காப்புரிமை இல்லாத படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே தருகின்றன. ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) வரிசை முழுவதும் புரூக்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பிலும் நிறைய உண்டு. கணக்குத் தொடங்காமலே எனக்குக் கிடைத்தவைதான் இவை.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- படத்தைச் சுற்றியுள்ள கோடும் வெள்ளை ஓரமும் முழுதாக இருக்க வேண்டும்.
- அகலவாட்டில் குறைந்தது 3,000 பிக்சல் இருந்தால் ஏ3-இல் தெளிவாக வரும்.
- படத்தின் பதிவு எண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். உதாரணமாக, மெட்ரோபாலிட்டனில் உள்ள ஹொகுசாயின் புகழ்பெற்ற 'பேரலை' படத்தின் எண் ஜேபி1847. இதன் அருமை ஆறாவது படியில் தெரியும்.

பெயரில் ஒரு குழப்பம் வரும். ஹிரோஷிகேயைச் சிலர் உதாகாவா என்ற பெயரின் கீழும், பழைய நூல்கள் ஆண்டோ என்ற பெயரின் கீழும் பட்டியலிடுகின்றன. ஆள் ஒருவர்தான். ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள்.

3. எந்தப் படத்தில் தொடங்குவது

'பேரலை'யில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். நூலைப் பிடிக்க அதில் நேர்கோடு ஒன்றுகூட இல்லை. நான் பரிந்துரைக்கும் வரிசை இது:

முதலில் ஹிரோஷிகேயின் 'சுருகா-சோ' (1856). துணிக்கடைத் தெரு. பயிற்சிக்கு மிக எளிது.
அடுத்து ஹொகுசாயின் 'எடோவில் நிஹோன்பாஷி'. ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்ற வரிசையில் 1830-களின் தொடக்கத்தில் வந்தது. முப்பத்தாறு என்பது பெயரில் மட்டும்தான், மொத்தம் 46 படங்கள்.
மூன்றாவது, அதே வரிசையில் ஐந்நூறு அர்ஹத்துகள் (முக்தி அடைந்த பௌத்தத் துறவிகள்) கோயிலின் சசாய் மண்டபம்.
அப்புறம் 'சாருவாகா தெரு இரவுக்காட்சி' (1856).
கடைசியில் ஹிரோஷிகேயின் 'கமெய்தோ பிளம் தோட்டம்', ஹொகுசாயின் 'பேரலை'.

இதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும். ஒரே நாளில் ஆறையும் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்றாவது படத்துக்கு மேல் கண் சோர்ந்து, இல்லாத கோடெல்லாம் தெரியத் தொடங்கும்.

4. நூல் சோதனை

பிரிண்ட்டைத் தெர்மாகோல் மீது வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். மேலே டிரேசிங் பேப்பர்.

'சுருகா-சோ'வை எடுத்துக்கொள்வோம். இடதும் வலதும் நீலத் திரை தொங்கும் கடைகள். கூரை விளிம்பு, திரையின் கீழ் விளிம்பு, கடையின் அடிக்கோடு என்று ஒவ்வொரு பக்கமும் மூன்று கோடுகளைப் பென்சிலால் மெல்ல நீட்டுங்கள். அவை கூடும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நடுவில் குண்டூசியைக் குத்துங்கள். இதுதான் மறைபுள்ளி. ஊசியில் நூலைக் கட்டி, இழுத்துப் பிடித்து, கடிகார முள்போல் மெல்லச் சுற்றுங்கள். நூல் எந்தெந்த விளிம்போடு ஒட்டி நிற்கிறது, எதை விட்டு விலகுகிறது என்று பாருங்கள். ஸ்கேலைவிட நூல் நல்லது. அடியில் உள்ள படத்தை மறைக்காது.

நூல் தெருவின் கடைசியில், மக்கள் கூட்டத்துக்குள் போய் முடிகிறது. ஆனால் நம் கண் அங்கே நிற்பதில்லை. அதற்கு மேலே ஒரு மேகப்பட்டை குறுக்கே ஓடுகிறது. அந்தப் பட்டைக்கும் மேலே ஃபுஜி உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தெருவுக்குப் பொருந்தாத பெரிய உருவில். கீழ்ப்பாதி முழுக்க மேற்கத்தியக் கணக்கு, மேல்பாதி அந்தக் கணக்குக்கு வெளியே. நடுவில் மேகம் தையல்போல இரண்டையும் இணைக்கிறது. இதை முதல்தடவை நூலோடு கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகு எந்தப் படத்தை எடுத்தாலும் 'எங்கே தையல் போட்டிருக்கிறார்?' என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இனி 'நிஹோன்பாஷி'. கீழ் ஓரத்தில் பாலத்தில் நெருக்கியடிக்கும் தலைகளும் சுமைகளும். அதற்கு மேல் கால்வாய் நேராக உள்ளே ஓடுகிறது. இருபுறமும் சரக்குக் கிடங்குகள். கிடங்குக் கூரைகளில் நூலைப் பிடித்தால் எடோ கோட்டையை நோக்கிப் போகும். எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் துல்லியமாக விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் செய்தபோது கட்டைவிரல் நகம் அளவுக்குப் பரவியிருந்தது. அது பரவாயில்லை. முக்கியமானது வேறு: வரிசையின் நாயகனான ஃபுஜி அந்தப் புள்ளியில் இல்லை, பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. கோடுகள் ஓர் இடத்துக்கு இழுக்கின்றன, மலை வேறோர் இடத்திலிருந்து கூப்பிடுகிறது.

சசாய் மண்டபப் படத்தில் இதற்கு நேர்மாறு. மாடத்துத் தரைப்பலகைகளின் கோடுகளும், அங்கே நிற்பவர்களின் பார்வையும் ஃபுஜியை நோக்கியே ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஓவியர், ஒரே வரிசை. விதி தெரியாமல் தடுமாறியவர் செய்கிற வேலை இல்லை இது. வேண்டிய இடத்தில் விதியைப் பிடித்து, வேண்டாத இடத்தில் விட்டவர் செய்தது. ஹொகுசாய்க்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். 1815-இல் வந்த 'ஹொகுசாய் மாங்கா' மூன்றாம் தொகுதியில், தாளை மூன்றாகப் பகுத்துக்கொண்டு வரையும் முறையைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அதுவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நூல் சோதனைக்குப் பிறகு பாருங்கள். முன்னால் பார்த்தால் விதியை மட்டும் தேடிக்கொண்டிருப்போம்.

இங்கே மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்:

*ஒரு தாளுக்கு ஒரே மறைபுள்ளி என்று நினைப்பது.* ஒகுமுரா மசனோபுவின் 1740-கள் காலத்து 'உகி-எ' (மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவைக் கையாண்ட ஆரம்பகால அச்சுப்படங்கள்) படங்களை எடுத்தால் இந்த எண்ணம் உடையும். நாடக அரங்கு, மாளிகை போன்ற உள்ளிடங்கள் மேற்கத்திய முறையில் குவியும். வெளியே தெரியும் தோட்டமோ பழைய கிழக்காசிய முறையில், இணைகோடுகளாகச் சாய்ந்து போகும். அறைக்கு ஒரு தாள், தோட்டத்துக்கு ஒரு தாள் என்று டிரேசிங் பேப்பரைத் தனித்தனியாக வைத்துச் செய்யுங்கள்.

*இடவலம் மாறிய படங்கள்.* 'மெகானே-எ' என்ற வகை, முகம் பார்க்கும் கண்ணாடியும் லென்ஸும் பொருத்திய கருவி வழியாகப் பார்ப்பதற்கென்றே, இடவலம் மாற்றிச் செய்தது. ஷிபா கோகான் 1783-இல் செய்த மிமெகுரி என்ற நதிக்கரை இடத்தின் காட்சி இந்த வகைதான் (அது செப்புத்தகட்டு அச்சு, மரம் இல்லை). இப்படிப்பட்டதை அப்படியே வைத்து இடத்தை அடையாளம் காண முயன்றால் நதி தப்பான பக்கம் ஓடும். கணினியில் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

*தலைப்பை நம்புவது.* உதாகாவா தொயோஹாருவின் ஒரு படம் ஏதோ டச்சுத் துறைமுகம் என்று தன் தலைப்பில் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அது வெனிஸ் நகரின் பெருங்கால்வாய். இத்தாலிய ஓவியர் கனலெத்தோவின் ஓவியத்தைப் பார்த்து விசெந்தீனி என்பவர் செதுக்கிய செப்புத்தகட்டுப் படத்திலிருந்து எடுத்தது. அசல் செப்புத்தகட்டுப் படத்தையும் இறக்கி, இரண்டிலும் நூல் பிடித்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள். நகல் எடுக்கும்போது எதைக் காப்பாற்றினார், எதை விட்டார் என்பது கைக்கே தெரியும்.

5. கோடு இல்லாத படங்கள்

'கமெய்தோ பிளம் தோட்டம்' படத்தில் மரக்கிளை முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. அதன் இடைவெளியில் தூரத்து மனிதர்கள் எறும்பளவு. இங்கே நூலுக்கு வேலை இல்லை, ஸ்கேலை எடுங்கள். கிளையின் தடிமனையும் தூரத்து ஆளின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். 'பேரலை'யிலும் அப்படியே: அலையின் உயரம், மலையின் உயரம். 3,776 மீட்டர் மலை அலையின் அடியில் ஒரு சிறு முக்கோணமாகச் சுருங்கக் காரணம், நம் கண்ணை ஓவியர் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்கே இறக்கி வைத்ததுதான். தொடுவானக் கோடு தாளில் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. தூரம் போகப்போக வெளிறுவது மேற்கத்திய ஓவியத்திலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆனால் வானத்தின் உச்சியில் குறுக்கே ஓடும் அடர்ந்த பட்டையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அச்சிடுபவர் மரக்கட்டையை ஈரத்துணியால் துடைத்து, மை கரைந்து மங்கும்படி செய்யும் 'போகாஷி'. அதை அவர் ஒவ்வொரு தாளுக்கும் கையால் செய்கிறார். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் பட்டையின் அகலம் மாறியிருக்கும்.

6. நேரில் பார்ப்பது: தேதி, காகிதம், கட்டணம்

விசாவைப் பற்றி நான் எழுதவில்லை. ஆனால் விமான டிக்கெட் எடுக்கும் முன் இந்தப் படியைப் படித்துவிடுங்கள்.

பழைய அச்சுப்படங்களின் தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் எந்த அருங்காட்சியகமும் அவற்றை நிரந்தரமாகச் சுவரில் விடாது. சில வாரங்கள் மாட்டி, பிறகு இருட்டில் வைத்துவிடுவார்கள். 'அங்கே அந்தப் படம் இருக்கிறது' என்பதும் 'அங்கே போனால் பார்க்கலாம்' என்பதும் வேறு வேறு. நான் இரண்டு நாளை இழந்தது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான்.

டோக்கியோவில் மூன்று இடங்கள். உவேனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அச்சுப்படங்களுக்குத் தனி அறை உண்டு, ஏறக்குறைய மாதம் ஒருமுறை மாற்றுவார்கள். நான் போனபோது நுழைவு 1,000 யென். ஹராஜுகு பக்கத்தில் ஓத்தா நினைவு அருங்காட்சியகம் இந்தக் கலைக்கென்றே உள்ளது. அங்கே நிரந்தரக் கண்காட்சி கிடையாது. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சில நாள் முழுவதும் மூடியிருக்கும். ரியோகோகுவில் சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம். அதன் நிரந்தரப் பகுதியில் இருப்பவை உயர்தர நகல்கள். அசல் வேண்டுமானால் சிறப்புக் கண்காட்சி நடக்கும் நாட்களில் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். நகல் பகுதியும் கோடுகளைப் படிக்க நல்ல இடம்தான், போவதற்கு முன் தெரிந்திருந்தால் போதும்.

திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவது வழக்கம். இதை நாட்காட்டியில் சரிபாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சுவரை நம்பாமல் படிப்பறைக்கு எழுதுங்கள். பெரிய தொகுப்புகள் வைத்திருக்கும் பல அருங்காட்சியகங்கள், ஆய்வாளர் அல்லாதவர்களுக்கும் முன்பதிவின் பேரில் படங்களை மேசைக்கு எடுத்துவந்து காட்டுகின்றன. கடிதத்தில் இவை இருக்க வேண்டும்:

- பார்க்க விரும்பும் படங்களின் பதிவு எண்கள், ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்
- என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று இரண்டு வரி
- மாற்றுத் தேதியோடு சேர்த்து இரண்டு மூன்று தேதிகள்
- பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்

நான் முதல்முறை 'ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகள்' என்று மட்டும் ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து 'எந்தெந்த எண்கள்?' என்று பதில் வந்தது. எண்களை அனுப்புவதற்குள் நான் அந்த ஊரில் இருக்கும் நாட்கள் நிரம்பிவிட்டன. இரண்டு மாதம் முன்னதாகவே எழுதுங்கள். கட்டணம் கேட்கிறார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

அறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். பையைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்வார்கள். தாளை விளக்குக்குச் சாய்வாகக் காட்ட முடியுமா என்று அலுவலரிடம் கேளுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில், மரக்கட்டை அழுத்திய கோடுகள் தாளில் பள்ளமாகத் தெரியும். எந்தத் திரைப் படத்திலும் இது தெரியாது. சாருவாகா தெருவின் கட்டடக் கோடுகள் செதுக்குபவர் கத்தியால் விட்டுவைத்த மெல்லிய மரவரம்புகள் என்பது அப்போதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

7. வீட்டுக்கு ஒன்று வாங்க நினைத்தால்

சந்தையில் மூன்று வகை: ஓவியர் காலத்து அச்சு, பிற்காலத்தில் புதிதாக மரம் செதுக்கி அச்சிட்ட மறுபதிப்பு, இயந்திரத்தில் அடித்த போஸ்டர். முதல் இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெர்ஸ்பெக்டிவ் கற்க இரண்டாவது வகையே போதும் என்பது என் கருத்து. டோக்கியோவில் உள்ள அடாச்சி நிறுவனம் இன்றும் மரம் செதுக்கிக் கையால் அச்சிடுகிறது. அந்த மாதிரிப் பிரதி ஒன்று பத்தாயிரம் யென்னைத் தாண்டும்.

பழைய அச்சு என்று யாராவது விற்றால், தாளின் பின்புறப் புகைப்படம் கேளுங்கள். கையால் அச்சிட்டதில் மை பின்பக்கம் ஊறித் தெரியும். 'பாரென்' என்னும் தேய்ப்பான் வட்டமாகத் தேய்த்த தடமும் இருக்கலாம். மறுபதிப்பிலும் இவை இருக்கும் என்பதால், இது இயந்திர அச்சை விலக்க மட்டுமே உதவும். அடுத்தது முத்திரைகள். எடோவின் நூறு காட்சிகள் வரிசையில் தணிக்கை முத்திரையும் தேதி முத்திரையும் பதிப்பாளர் அடையாளமும் வெள்ளை ஓரத்தில் இருக்கும். தேதி, விலங்கின் பெயரால் குறிக்கப்படும் ஆண்டும் மாதமும் சேர்ந்தது. 1856 டிராகன் ஆண்டு, 1857 பாம்பு, 1858 குதிரை. ஓரம் வெட்டப்பட்ட தாளில் இந்தச் சான்று மொத்தமும் போய்விடும். விற்பவர் அதற்கேற்ப விலை குறைத்திருக்க வேண்டும்.

பில்லில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், பதிப்பாளர், அச்சிட்ட காலம், அளவு, பழுதுகள், கையால் அச்சிட்டதா என்பது, செலுத்திய தொகை எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு வந்த பில்லில் 'படம் 1' என்று மட்டும் இருந்தது. சுங்கத்தில் விளக்கம் கேட்டு, விற்றவரிடம் புதுப் பில் வாங்கி அனுப்பி, பார்சல் கைக்கு வர 19 நாள் கூடுதலாக ஆனது. தபால் செலவு, காப்பீடு, சுங்கவரி மூன்றையும் படத்தின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வரிவிகிதம் மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் வாரத்தில் பாருங்கள்.

பார்சல் வந்ததும் சுருட்டி வைக்காதீர்கள். பின்பக்கம் செலோடேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டம் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வடக்குச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத இடத்தில் மாட்டியிருக்கிறேன். மூன்று மாதம் சுவரில், பிறகு ஒன்பது மாதம் பீரோவில். மழைக்காலம் தொடங்கும் முன் எடுத்து, தாளில் பூஞ்சை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன்.